திரையில் தெரிந்தால் போதுமா? ஐ.சி.யூ.வுக்கான வீடியோ லாரிங்கோஸ்கோப் மதிப்பீடு

மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடும்போது, குரல்நாணைத் திரையில் காட்டும் கேமரா பொருத்திய கருவிதான் வீடியோ லாரிங்கோஸ்கோப். அதில் தொண்டைக்குள் போகும் பாகம் பிளேடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐ.சி.யூ.வுக்கு ஒரே ஒரு வீடியோ லாரிங்கோஸ்கோப்தான் வாங்க முடியும் என்றால், பழைய மேக்கின்டாஷ் வளைவிலேயே கேமரா வைத்த பிளேடு உள்ளதை வாங்குங்கள். கூடவே ஒரு பெட்டி பூஜி (ட்யூபுக்கு வழிகாட்டும், முனை வளைந்த மெல்லிய நீளக் குச்சி). இரண்டாவது வாங்க வசதி இருந்தால் அதிவளைவு பிளேடு, அதற்கென்றே வரும் கெட்டியான ஸ்டைலெட்டோடு (ட்யூபுக்குள் வைத்து அதன் வளைவைப் பிடித்துவைக்கும் கம்பி). திரை எத்தனை அங்குலம், படம் எவ்வளவு துல்லியம் என்பதெல்லாம் விற்க வருபவர் முதலில் சொல்வது. வாங்குபவர் அதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

ஏன் என்பதற்கு ஐ.சி.யூ. நோயாளியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் ட்யூப் போடுவதற்கும் இங்கே போடுவதற்கும் கருவி ஒன்றுதான், ஆள் வேறு. திட்டமிட்ட அறுவைக்கு வருபவர் வெறும் வயிற்றோடு, பெரும்பாலும் நல்ல நுரையீரலோடு வருகிறார். மூன்று நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்துவிட்டால் மூச்சு நின்ற பிறகும் பல நிமிடம் தாங்குவார். ஐ.சி.யூ. நோயாளியின் நுரையீரலில் ஆக்சிஜனை இருப்பு வைக்க இடமே இல்லை. நிமோனியா அடைத்திருக்கும், அல்லது நீர் கோத்திருக்கும். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) ஒருமுறை சரியத் தொடங்கினால் நொடிக் கணக்கில் இறங்கும். ரத்த அழுத்தமோ ஏற்கெனவே அதை ஏற்றிவைக்கும் நார்அட்ரினலின் மருந்தின் தயவில் நின்றுகொண்டிருக்கும். 29 நாடுகளில் 2,964 நோயாளிகளைக் கவனித்து 2021-இல் வெளிவந்த இன்டியூப் ஆய்வில், ட்யூப் போடும் நேரத்தை ஒட்டி 42.6 சதவீதம் பேருக்கு ரத்த ஓட்டம் தடுமாறியது, 9.3 சதவீதம் பேருக்கு ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியது, 3.1 சதவீதம் பேருக்கு இதயமே நின்றது. அதனால்தான் கிரிட்டிக்கல் கேர் மருத்துவர்கள் முதல் முயற்சியிலேயே ட்யூப் உள்ளே போக வேண்டும் என்று இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார்கள். இரண்டாவது முயற்சிக்குப் போகும்போது கையில் இருக்கும் ஆக்சிஜனும் குறைவு, தொண்டையில் வீக்கமும் ரத்தமும் அதிகம்.

எத்தனை வகை?

1943-இல் ராபர்ட் மேக்கின்டாஷ் விவரித்த வளைந்த பிளேடு இன்றும் எல்லா டிராலியிலும் இருக்கிறது. நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, தாடையோடு தூக்கி, பல்லிலிருந்து குரல்நாண் வரை ஒரே நேர்கோட்டில் கண்ணால் பார்க்க வேண்டும். 2001-இல் கனடாவின் அறுவை மருத்துவர் ஜான் பேசி உருவாக்கிய கிளைடுஸ்கோப் வந்தபோது அந்த நேர்கோட்டின் தேவை போய்விட்டது. பார்க்கும் கண் பிளேடின் நுனிக்குச் சில சென்டிமீட்டர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்போது சந்தையில் இருப்பவை மூன்று குடும்பம். மேக்கின்டாஷ் (சுருக்கமாக மேக்) வளைவிலேயே கேமரா வைத்தவை: மெக்ராத் மேக், சி-மேக்கின் 3, 4 எண் பிளேடுகள். மூலை திரும்பி எட்டிப் பார்ப்பதுபோல் கூர்மையாக வளைந்த அதிவளைவு பிளேடுகள்: கிளைடுஸ்கோப்பின் மூல வடிவம், சி-மேக்கின் டி-பிளேடு, மெக்ராத்தின் எக்ஸ் பிளேடு. மூன்றாவது, ட்யூபைச் செருகிவைக்கப் பக்கத்திலேயே வாய்க்கால் உள்ளவை: ஏர்டிராக், கிங் விஷனின் வாய்க்கால் பிளேடு போன்றவை. இந்த மூன்றாவது குடும்பம் பருமனாக இருக்கும், வாய் நன்றாகத் திறக்க வேண்டும். ட்யூபைத் தனியாகத் திருப்ப முடியாது, கருவியையே அசைத்துத்தான் குறிபார்க்க வேண்டும். பழகியவர் கையில் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும் ஐ.சி.யூ.வுக்கு முதல் தேர்வாக இதைச் சொல்ல மாட்டேன்.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

விற்பனைப் பிரதிநிதி கையில் வைத்திருக்கும் தாள் அநேகமாக 2023-இன் டிவைஸ் ஆய்வாக இருக்கும். அமெரிக்காவில் 17 அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் ஐ.சி.யூ.க்களிலும் 1,417 பேரிடம் நடந்தது. முதல் முயற்சியில் வெற்றி, வீடியோவில் 85.1 சதவீதம், சாதாரண லாரிங்கோஸ்கோப்பில் 70.8 சதவீதம். இது பெரிய வித்தியாசம், சந்தேகமே இல்லை. அனுபவம் குறைந்தவர்கள் கையில் பலன் இன்னும் அதிகம்.

அதே தாளில் அடுத்த வரியையும் படிக்கச் சொல்லுங்கள். ஆபத்தான பின்விளைவுகள் வீடியோவில் 21.4 சதவீதம், சாதாரணத்தில் 20.9. அதாவது வித்தியாசம் இல்லை. ரத்த அழுத்தம் விழுவதும் ஆக்சிஜன் இறங்குவதும் குரல்நாண் கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்பதை மட்டும் பொறுத்தவை அல்ல. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யாரும் கொள்முதல் ஆணையில் கையெழுத்துப் போடக்கூடாது.

இன்னொரு ஆய்வை விற்பனையாளர்கள் தூக்கிக்கொண்டு வருவதில்லை. 2017-இல் வெளியான பிரான்சின் மேக்மேன். ஏழு ஐ.சி.யூ.க்கள், 371 நோயாளிகள். வீடியோவில் குரல்நாண் நன்றாகவே தெரிந்தது, ஆனால் முதல் முயற்சி வெற்றி 67.7 சதவீதம். சாதாரண லாரிங்கோஸ்கோப்பில் 70.3. தோல்விகளைப் பிரித்துப் பார்த்தபோது காரணம் வெளிப்பட்டது. வீடியோ கோஷ்டியில் தோற்றவர்களில் பெரும்பாலோர் குரல்நாண் தெரியாமல் தோற்கவில்லை. தெரிந்தும் ட்யூபை உள்ளே செலுத்த முடியாமல் தோற்றார்கள். அந்த ஆய்வில் ஸ்டைலெட் அதிகம் பயன்படவில்லை. பிறகு 2021-இல் அதே நாட்டின் 32 ஐ.சி.யூ.க்களில் 999 பேரிடம் ஸ்டைலெட்டோ ஆய்வு நடந்தது. ட்யூபுக்குள் ஸ்டைலெட் வைத்தால் முதல் முயற்சி வெற்றி 78.2, வைக்காவிட்டால் 71.5. விலை மலிந்த ஒரு கம்பி செய்கிற வேலை அது.

ஆக, பார்ப்பது ஒரு பிரச்சினை, ட்யூபைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு பிரச்சினை. கேமரா முதலாவதை மட்டும்தான் தீர்க்கிறது.

மேக் வடிவம்: கையில் எடுத்தால்

பழைய கைப்பழக்கம் அப்படியே செல்லுபடியாகும் என்பதுதான் இதன் பெரிய பலம். கட்டிலை நோயாளியின் முகம் நம் மார்பெலும்பின் கீழ் நுனி உயரத்துக்கு வரும்வரை ஏற்ற வேண்டும். காது ஓட்டையும் மார்பெலும்பின் மேல் பள்ளமும் ஒரே மட்டத்தில் வர, தலைக்கும் தோளுக்கும் அடியில் துணி மடித்து வைக்க வேண்டும். தலைப்பக்கம் 20 முதல் 30 டிகிரி உயரட்டும். பிளேடு வாயின் வலப்பக்கம் நுழைந்து, நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, நாக்கின் அடிக்கும் எபிகிளாட்டிஸுக்கும் (குரல்வளை மூடி) நடுவே உள்ள பள்ளத்தில் நுனி உட்கார வேண்டும். பிறகு கைப்பிடியின் திசையில் முன்னும் மேலுமாகத் தூக்கல். மேல் பல்லில் ஊன்றி நெம்பக் கூடாது.

இங்கே முதல் தவறு, உதட்டிலிருந்தே திரையைப் பார்க்க ஆரம்பிப்பது. பிளேடு நாக்கைத் தாண்டும்வரை கண் வாயில்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழுதடு பல்லுக்கும் பிளேடுக்கும் இடையில் மாட்டிக் கிழியும், ஆடும் பல் இருந்தால் விழும்.

இரண்டாவது தவறுதான் மேக்மேன் கதையின் வேர். குரல்நாண் திரை முழுக்கப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று பிளேடை உள்ளே உள்ளே தள்ளுவது. படம் அழகாக இருக்கும், ட்யூப் வர வழி இருக்காது. பிளேடு நுனி மிக அருகில் போனால் குரல்வளை முன்பக்கமாகத் தூக்கிக்கொள்ளும், ட்யூப் போக வேண்டிய கோணமும் செங்குத்தாகிவிடும். ஒரு சென்டிமீட்டர் பின்னுக்கு இழுங்கள். குரல்நாண் திரையின் மேல் பாதியில், பாதி மட்டும் தெரிந்தால் போதும். கீழ்ப்பாதியில் வெற்றிடம் இருக்க வேண்டும், ட்யூப் அங்கிருந்துதான் திரைக்குள் நுழையும்.

பூஜியை முதல் முயற்சியிலேயே எடுப்பது என் சிபாரிசு. 2021-இல் பூஜியையும் ஸ்டைலெட்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில் முதல் முயற்சி வெற்றி முறையே 80.4-உம் 83.0-உம். புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை, எனவே கை பழகியது எதுவோ அதுவே சரி. ஆனால் குரல்நாண் முழுதாகத் தெரியாமல் அதன் பின் விளிம்பு மட்டும் தெரியும் தொண்டையில், முனை வளைந்த மெல்லிய பூஜி நுழையும் இடத்தில் ட்யூபின் தடித்த நுனி நுழையாது. வாயின் வலது மூலையிலிருந்து கொண்டுவந்து, நுனி குரல்நாணைத் தாண்டுவதைத் திரையில் பார்த்து, உதட்டருகே சுமார் 25 சென்டிமீட்டர் வரும்வரை தள்ளினால் போதும். தடை பட்டால் அழுத்தக் கூடாது. பிறகு உதவியாளர் ட்யூபைப் பூஜியின் மேல் கோத்து இறக்குவார். அந்த நேரத்தில் பிளேடை வெளியே எடுத்துவிடுவது பலருக்கும் கைவழக்கம். எடுக்கவே கூடாது, நாக்கு விழுந்து வழி மடங்கிவிடும். ட்யூப் குரல்வளை வாசலில் முட்டி நின்றால் நுனி பெரும்பாலும் வலப்பக்க அரிட்டினாய்டில் (குரல்வளை வாசலின் பின்பக்கக் குருத்தெலும்பு) மாட்டியிருக்கும். இரண்டு சென்டிமீட்டர் பின்னிழுத்து, இடஞ்சுழியாகக் கால் வட்டம் திருப்பித் தள்ளினால் இறங்கும். இது முழுவதையும் திரையில் பார்த்துக்கொண்டே செய்ய முடிவது வீடியோவின் உண்மையான லாபம். சாதாரண லாரிங்கோஸ்கோப்பில் அந்தக் கட்டம் குருட்டுத்தனமாகத்தான் நடக்கும்.

அதிவளைவு பிளேடு

கழுத்தை அசைக்கக் கூடாத நோயாளி, வாய் சற்றே திறக்கும் நோயாளி, உள்ளடங்கிய தாடை. இவர்களுக்கு இது இல்லாமல் முடியாது. நாக்கை ஒதுக்க வேண்டாம், வாயின் நடுவிலேயே இறக்கலாம், தூக்கும் விசையும் குறைவு. முதல்முறை கையில் எடுப்பவர்கூடக் குரல்நாணைப் பார்த்துவிடுவார். அதன் பிறகு அரை நிமிடம் ட்யூபை வைத்துக்கொண்டு குரல்நாணுக்குக் கீழே கீழே குத்திக்கொண்டிருப்பார்.

கண் போகும் வரிசை முக்கியம்: வாய், திரை, வாய், திரை. பிளேடு நுழையும்போது வாய். குரல்நாணைத் தேடும்போது திரை. ட்யூபை நுழைக்கும்போது மறுபடி வாய், நுனி நாக்கின் பின்புறம் போய் மறையும்வரை. அதன் பிறகே திரை. மூன்றாவது படியைத் தாண்டிவிட்டுத் திரையையே வெறித்துக்கொண்டு ட்யூபைத் தள்ளினால், கெட்டி ஸ்டைலெட்டின் நுனி வலது பக்க மென்னண்ணத்தையோ உள்நாக்கை ஒட்டிய மடிப்பையோ துளைத்துவிடும். கேமராவுக்குப் பின்னால் நடப்பது கேமராவுக்குத் தெரியாது. இந்தக் காயம் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவான ஒன்று.

ஸ்டைலெட் பிளேடின் வளைவோடு ஒத்திருக்க வேண்டும். சாதாரணமாக வளையும் ஸ்டைலெட்டை அந்த அளவுக்கு வளைத்தாலும் நாக்கு அழுத்தும்போது நிமிர்ந்துகொள்ளும். சாதாரணப் பூஜியும் அப்படித்தான். கருவியோடு கெட்டி ஸ்டைலெட் சேர்ந்து வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா, எத்தனை தருகிறார்கள் என்று கேளுங்கள். ஒன்றே ஒன்று வந்து, அது சுத்திகரிப்புக்குப் போயிருக்கும் நேரத்தில் நோயாளி வந்தால் பிளேடு அலங்காரப் பொருள்தான்.

ட்யூப் நுனி குரல்நாணைத் தாண்டியதும் அடுத்த சிக்கல். மேல்நோக்கிய கோணத்தில் வந்த நுனி மூச்சுக்குழாயின் முன்சுவரில் முட்டி நிற்கும். அழுத்தினால் பிளேடு நகரும், படம் போய்விடும். உதவியாளர் ஸ்டைலெட்டை மூன்று நான்கு சென்டிமீட்டர் பின்னுக்கு இழுக்க, ட்யூபை வலஞ்சுழியாகத் திருப்பியபடி இறக்க வேண்டும். பூஜியில் இடஞ்சுழி, இங்கே வலஞ்சுழி. அவசரத்தில் குழம்பும் இடம் இது, டிராலியின் மூடியில் எழுதி ஒட்டிவைப்பது உத்தமம்.

லென்ஸ் கெட்டால்

படம் தெரியாமல் போவதற்குக் காரணம் மூன்றே: பனி, எச்சில், ரத்தமும் வாந்தியும்.

குளிர்ந்த லென்ஸ் வெதுவெதுப்பான ஈரத் தொண்டைக்குள் போனால் பனி படியும். சூடேறும் லென்ஸ் உள்ள கருவிகளை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் முன்னதாகவே ஆன் செய்துவிட வேண்டும், மயக்க மருந்து ஏற்றும்போது அல்ல. மற்றவற்றுக்குப் பனி எதிர்ப்புத் திரவம் ஒரு சொட்டு.

எச்சிலுக்கும் ரத்தத்துக்கும் விதி ஒன்றே. சக்ஷன் (உறிஞ்சும் குழாய்) முன்னால் போகட்டும், பிளேடு பின்னால் வரட்டும். கடினமான சக்ஷன் குழாயை வலக்கையில் பிடித்து நாக்கின் மேலிருந்து தொண்டைக்குழி வரை வழியைச் சுத்தம் செய்தபடி நுழைய, லென்ஸ் அதன் பின்னாலேயே நாக்குப் பக்கமாக ஒட்டி வர வேண்டும். திரவம் கீழே தேங்கும், லென்ஸ் மேலே இருக்கும். வந்துகொண்டே இருந்தால் சக்ஷன் முனையை பிளேடின் இடப்பக்கம் மாற்றி உணவுக்குழாயின் வாயில் நிறுத்திவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்யூபைப் போட வேண்டும். இதற்கு இரண்டு சக்ஷன் இணைப்புகள் வேண்டும். ஒரே ஒரு சக்ஷன் உள்ள கட்டிலில் வீடியோ கருவிக்குப் பணம் செலவழிக்கும் முன் இரண்டாவது சக்ஷன் பாயின்டைப் போடச் சொல்வேன்.

மேக் வடிவத்தை முதல் கருவியாகச் சொல்வதற்கு இதுதான் தலையாய காரணம். லென்ஸை ரத்தம் மூடிவிட்டால் திரையை மறந்துவிட்டு வாய்க்குள் குனிந்து கண்ணாலேயே பார்க்கலாம். அதே பிளேடு, அதே நிலை, கையை எடுக்கவே வேண்டாம். பேட்டரி செத்தாலும் டார்ச்சோ, இன்னொரு லாரிங்கோஸ்கோப்பின் வெளிச்சமோ கிடைத்தால் வேலையை முடிக்கலாம். அதிவளைவு பிளேடில் அந்த வசதி இல்லை. படம் போனால் எல்லாமே போயிற்று.

உடம்பு, பேட்டரி, பிளேடு

கைப்பிடியிலேயே சின்னத் திரை உள்ளது இலகு, கேபிள் இல்லை, இரவில் வார்டுக்குப் பையில் போட்டுக்கொண்டு ஓடலாம். பருத்த மார்பும் குட்டைக் கழுத்தும் உள்ளவர்களுக்கு நுழைக்கும்போது கைப்பிடி மார்பில் இடிக்கும். மேலே சொன்ன தலை உயர்த்தலைச் சரியாகச் செய்தால் பாதி தீரும், மீதிக்கு கைப்பிடியைப் பக்கவாட்டில் சாய்த்து நுழைத்து உள்ளே போனதும் நேராக்க வேண்டும்.

தனித் திரை உள்ளதில் கேபிள் தொல்லை. கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் முறியும், சுருட்டி வைக்கும்போது அங்கே மடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அறையில் இருக்கும் எல்லாரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள். வெளியிலிருந்து குரல்வளையை அழுத்தித் தரும் நர்ஸ், தன் விரல் அசைவால் படம் எப்படி மாறுகிறது என்று தானே பார்த்துத் திருத்திக்கொள்வார். பயிற்சி மருத்துவர் போடும்போது மூத்தவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, "பின்னுக்கு இழு" என்று சொன்னால் போதும். கற்பிக்கும் ஐ.சி.யூ. என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே தனித் திரை.

பேட்டரியில் ஆளுக்கொரு வழி. மெக்ராத் தனக்கேயான லித்தியம் பேட்டரியில் ஓடுகிறது, மிச்சம் எத்தனை நிமிடம் என்று திரையில் காட்டும், புதிதில் 250 நிமிடம். அது தீர்ந்தால் வேறு எதையும் போட முடியாது, எனவே ஒன்று எப்போதும் அலமாரியில் இருக்க வேண்டும். கிங் விஷன் மூன்று ட்ரிபிள்-ஏ பேட்டரியில் ஓடும், எங்கேயும் கிடைக்கும். சார்ஜ் ஏற்றும் வகைகளில் கோளாறு கருவியில் இருப்பதைவிட மனிதரில்தான் அதிகம், பயன்படுத்தியவர் தொட்டியில் திரும்ப வைக்காமல் போய்விடுவார். ஷிஃப்ட் மாறும்போது ஆன் செய்து, படத்தைப் பார்த்து, கையெழுத்திடும் பழக்கம் இல்லாத ஐ.சி.யூ.வில் எந்த பேட்டரியும் ஒன்றுதான்.

பிளேடு விஷயத்தில் கணக்கைப் போடுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளேடு என்றால் கருவியின் விலையை விட்டுவிட்டு ஒரு இன்டுபேஷனுக்கு (ட்யூப் போடுவதற்கு) ஆகும் பிளேடு விலையைக் கேளுங்கள். ஒரு கம்பெனியின் பிளேடு இன்னொன்றில் மாட்டாது, கருவியை வாங்கிய அன்றே பிளேடுக்கும் ஆயுள் சந்தா கட்டியாயிற்று. 3, 4 எண் பிளேடுகள் தீராமல் இருக்க வேண்டும். மாட்டும்போது 'க்ளிக்' கேட்காமல் விட்டால் தொண்டைக்குள் பிளேடு உறை நழுவும். திரும்பப் பயன்படுத்தும் உலோக பிளேடு என்றால், சளிச்சவ்வைத் தொடும் பொருள் ஆகையால் வெறும் துடைப்பு போதாது, உயர்நிலைக் கிருமிநீக்கம் கட்டாயம். அது போய்த் திரும்ப எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்த்து, ஒரே இரவில் மூன்று நோயாளிகள் வந்தால் தாக்குப்பிடிக்கும் எண்ணிக்கையில் வாங்க வேண்டும்.

பெயர் தெரியாத மலிவுக் கருவிகளை ஒரேயடியாக ஒதுக்கத் தேவையில்லை, சோதித்து வாங்கலாம். லென்ஸுக்கு முன்னால் பேனாவை வேகமாக ஆட்டுங்கள், திரையில் தாமதித்து அசைந்தால் வேண்டாம். போனில் வயர்லெஸ்ஸாகப் படம் காட்டுபவற்றில் இந்தத் தாமதத்தை முதலில் பாருங்கள். மூன்று நான்கு சென்டிமீட்டர் தூரத்தில் சின்ன எழுத்துத் தெளிவாகப் படிக்க முடிகிறதா? சிவப்புத் துணிமேல் சிவப்பு நூலை வைத்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரிகிறதா? தொண்டையில் எல்லாமே சிவப்பு என்பதால் இந்தச் சோதனை துல்லியக் கணக்கைவிட அதிகம் சொல்லும். பிளேடைப் பிடித்து வளைத்துப் பாருங்கள், நெளிந்தால் நாக்கைத் தூக்காது.

இந்தக் கருவி செய்யாதவை

முன்கூட்டி ஆக்சிஜன் ஏற்றுவது. 2024-இல் 1,301 பேரிடம் நடந்த ஆய்வில், மாஸ்க் வழி வெண்டிலேஷனோடு ஆக்சிஜன் ஏற்றியவர்களில் 9.1 சதவீதம் பேருக்கும், சாதாரண ஆக்சிஜன் மாஸ்க் வைத்தவர்களில் 18.5 சதவீதம் பேருக்கும் ட்யூப் போடும்போது ஆக்சிஜன் ஆபத்தாக இறங்கியது. புதுக் கருவி ஏதும் வாங்காமல், கட்டிலருகே ஏற்கெனவே நிற்கும் வெண்டிலேட்டரால் கிடைக்கும் பலன் இது.

மருந்து வேலை செய்யக் காத்திருப்பது. தசைகளைத் தளர்த்தும் ரோகுரோனியம் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் கொடுத்தாலும் ஒரு நிமிடம் வேண்டும், ரத்த ஓட்டம் தளர்ந்த நோயாளிக்கு இன்னும் கூடுதல். திரை கையில் இருப்பதால் சீக்கிரம் நுழைந்து பார்க்கும் ஆசை வரும். இருமினால் வாந்தி மேலே வரும், லென்ஸ் போகும்.

கடிகாரத்தைப் பார்ப்பது. படம் தெளிவாக இருக்கும்போதுதான் நேரம் மறந்துபோகிறது, இதோ உள்ளே போய்விடும் என்று கை மல்லாடிக்கொண்டே இருக்கும். சாச்சுரேஷனை உரக்கச் சொல்ல ஒருவரை நியமித்து, 93-க்குக் கீழே இறங்கினால் பிளேடை எடுத்துவிட்டு மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று முயற்சிக்கு மேல் கிடையாது. குரல்வளை மேல் உட்காரும் மாஸ்க்கும், கழுத்தில் வழி திறக்க 10-ஆம் எண் ஸ்கால்பெல், பூஜி, 6 எண் ட்யூப் மூன்றும் அதே டிராலியில், அதே தட்டில் இருக்க வேண்டும்.

ட்யூப் மூச்சுக்குழாயில்தான் இருக்கிறது என்று சான்று தருவதும் இதன் வேலை அல்ல. குரல்நாணுக்கு நடுவே போனதைத் திரையில் எல்லாரும் பார்த்திருந்தாலும், வெளிமூச்சை அளக்கும் கேப்னோகிராஃபில் ஏழு மூச்சுக்காவது கார்பன் டை ஆக்சைடு அலை நிலைத்து வர வேண்டும். அலை இல்லை என்றால் ட்யூப் உள்ளே இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இதயம் நின்ற நோயாளிக்கும் மார்பை அழுத்தும்போது அலை சிறிதாகவாவது வரும், தட்டைக் கோட்டுக்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

கூடுதல் உபயோகம்

வாங்கிய பின் இன்டுபேஷனுக்கு மட்டும் வைத்திருப்பது வீண். மயக்கத்தில் இருப்பவருக்கு மூக்கு வழியாகப் போடும் உணவு ட்யூப் வாயிலேயே சுருண்டுகொண்டால், மேக் பிளேடை இறக்கி மெகில் ஃபோர்செப்ஸால் (வளைந்த நீள இடுக்கி) பார்த்தே இறக்கிவிடலாம். ட்யூபைச் சுற்றிக் காற்றடைத்திருக்கும் கஃப்பில் காற்று கசியும் சத்தம் கேட்டால், கஃப் கிழிந்ததா அல்லது குரல்நாணுக்கு மேலே ஏறி வந்துவிட்டதா என்று அரை நிமிடத்தில் தெரியும். பின்னது என்றால் ட்யூபை மாற்றவே தேவையில்லை. கட்டிலிலேயே டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்கு வழி) போடும்போது ட்யூபைப் பின்னிழுக்க வேண்டும். ஊசி குத்தும் இடத்திலிருந்து கஃப் விலகியிருக்க வேண்டும், அதே சமயம் குரல்நாணை விட்டு முழுக்க வெளியே வந்துவிடவும் கூடாது. அந்த இழுப்பை சென்டிமீட்டர் எண்ணைப் பார்த்துச் செய்வதைவிடத் திரையில் பார்த்துச் செய்வது பல மடங்கு நிம்மதி.

கேஸ் ஷீட்டில் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. குரல்நாண் எவ்வளவு தெரிந்தது என்பதைத்தான் கிரேடு சொல்லும், 1 என்றால் நன்றாகத் தெரிந்தது. 'கிரேடு 1, சுலபம்' என்று மட்டும் எழுதி வைத்தால் அடுத்து வருபவர் சாதாரண லாரிங்கோஸ்கோப்போடு போவார். திரையில் கிரேடு 1 ஆகத் தெரிந்த தொண்டை, நேர்ப்பார்வையில் கிரேடு 3 ஆக இருக்கலாம். எந்தக் கருவி, எந்த பிளேடு, என்ன எண், திரையில் என்ன கிரேடு, நேரில் பார்த்திருந்தால் என்ன கிரேடு, பூஜியா ஸ்டைலெட்டா, எத்தனையாவது முயற்சி. இத்தனையும் ஒரே வரியில் அடங்கும். மேக் வடிவக் கருவியில் மட்டும்தான் இரண்டு கிரேடையும் ஒரே முயற்சியில் பார்த்து எழுத முடியும்.

விற்பனையாளர்கள் செய்முறை விளக்கத்துக்கு மேனிக்கினோடு (பயிற்சிப் பொம்மை) வருவார்கள். மேனிக்கின் வாந்தி எடுப்பதில்லை, அதன் நாக்கு வீங்குவதில்லை, எல்லாக் கருவியும் அதில் ஜெயிக்கும். வாய்க்குள் கஞ்சி ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் அதிலேயே பதில் இருக்கிறது. பிறகு கருவியைச் சில வாரம் ஐ.சி.யூ.விலேயே விட்டுப்போகக் கேளுங்கள், இரவு ஷிஃப்ட் உட்பட. யார் போட்டார், முதல் முயற்சியிலா, தோற்றால் தெரியாமல் தோற்றதா தெரிந்தும் நுழையாமல் தோற்றதா, லென்ஸ் மங்கியதா, பேட்டரி இருந்ததா என்று ஒரு தாளில் குறித்துவரச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் மாற்றுக் கருவி எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதும், தரும் பிளேடுகளின் காலாவதித் தேதியும் எழுத்தில் இருக்கட்டும்.